புதுத்தொட்டிச் சோதனை: மருந்தில்லாத மீன்களே மேலே வந்துவிடுகின்றன, எதைச் சரிபார்ப்பது?

நீலவால்

வளர்ந்த ஜீப்ரா மீன்களில் ஃப்ளூவாக்ஸெட்டின் (மனச்சோர்வு மருந்து) பதற்றத்தைத் தணிக்கிறதா என்று புதுத்தொட்டிச் சோதனையில் பார்க்கும் வேலை: மீனைப் புதிய தொட்டியில் விட்டு, மேலே எவ்வளவு நேரம், அடியில் எவ்வளவு நேரம் என்று அளப்பது; பதறும் மீன் அடியில் தங்கும். அமைப்பு இது: சரிவக வடிவத் தொட்டி, 1.5 லிட்டர் நீர், உயரம் 15 செ.மீ. நடுவில் கோடு போட்டு மேல்பாதி, கீழ்பாதி. மீனுக்கு 6 நிமிடப் பதிவு, மருந்துக் குழு ஒன்று, கன்ட்ரோல் (மருந்தில்லாத ஒப்பீட்டுக் குழு) ஒன்று, குழுவுக்கு 12 மீன். மருந்து லிட்டருக்கு 100 மைக்ரோகிராம், 14 நாள். மருந்துக் குழு முழுவதும் ஒரு தொட்டியில், கன்ட்ரோல் குழு இன்னொரு தொட்டியில். வளர்ப்பு ரேக்கில் நீர் 28 டிகிரி. சோதனை நீர் குளோரின் போக்கிய குழாய்நீர், சோதனை அறையில் இரவு முழுக்க வைத்தது. அறை 24 டிகிரி.

முதல் தொகுதியில் கன்ட்ரோல் மீன்கள் ஒரு நிமிடத்துக்குள் மேலே போய், பாதி நேரத்தை அங்கேயே கழித்தன. இரண்டாம் தொகுதியில் கன்ட்ரோல்கள் ஆறு நிமிடமும் அடியை விட்டு எழவே இல்லை. மருந்துக் குழு இரண்டு தொகுதியிலும் மேலேதான். ஆக, முதல் தொகுதியில் வித்தியாசமே தெரியவில்லை, இரண்டாவதில் பெரிதாகத் தெரிகிறது. இடையில் மாறியது ஒன்றுதான்: முதலில் தொட்டி வெள்ளை மேசைமேல் இருந்தது, பிறகு வழுக்காமல் இருக்கக் கறுப்பு ரப்பர் விரிப்பு போடப்பட்டது. இரண்டாம் தொகுதியை மட்டும் வைத்து முடிவு எழுதலாமா?

செவுள்

வேண்டாம். அந்தக் கறுப்பு விரிப்பே பாதிப் பதில்.

வளர்ந்த ஜீப்ரா மீன் வெள்ளைப் பரப்பைத் தவிர்க்கும், கருமையை நாடும். கண்ணாடி அடித்தளத்துக்குக் கீழே கறுப்பு விரிப்பு இருந்தால், ஆழத்தைத் தேடும் இயல்போடு இருட்டைத் தேடும் இயல்பும் சேர்ந்து மீனைக் கீழே இழுக்கும். வெள்ளை மேசை என்றால் இரண்டும் எதிரெதிராக இழுக்கும். அடியில் ஒளிய விரும்பும் மீனுக்கு அந்த அடியே வெளிச்சமாக, தன்னைக் காட்டிக்கொடுக்கும் இடமாகிவிடும். முதல் தொகுதியில் கன்ட்ரோல்கள் சீக்கிரம் மேலே வந்ததைப் பதற்றக் குறைவு என்று படிக்க முடியாது. வெள்ளை அடியிலிருந்து விலகியதாகவும் இருக்கலாம். அடிக்கும் பின்புறத்துக்கும் ஒரே நிறம், பளபளப்பில்லாத இளஞ்சாம்பல் என்று வைத்துக்கொண்டு இனி மாற்றாதீர்கள்.

கன்ட்ரோல் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். இந்தச் சோதனையின் வழக்கமான போக்கு: புதிய இடத்தில் விட்டதும் மீன் அடிக்குப் பாயும், முதல் ஓரிரு நிமிடம் அங்கேயே இருக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஆராயத் தொடங்கும். இந்த ஏற்றம் கன்ட்ரோலில் தெரியவேண்டும். முதல் நிமிடமே மேலே என்றால் தணிப்பு மருந்து காட்ட இடமே மிஞ்சாது. ஆறு நிமிடமும் அடியிலேயே என்றால் பதற்றம் கூட்டும் பொருளைக் காட்ட இடமிருக்காது. மொத்த 6 நிமிடத்துக்கு ஒரே எண்ணாக எழுதாமல் நிமிடவாரியாக வரைந்து பாருங்கள். எங்கே பிசகியது என்பது அந்தக் கோட்டிலேயே தெரிந்துவிடும்.

தொட்டிநீர்

28லிருந்து 24க்கு மீனைத் தூக்கிப் போடுறீங்க. நாலு டிகிரி திடீர் இறக்கம் சின்ன விஷயம் இல்லை. குளிர்ந்த நீரில் மீனோட அசைவே குறையும், அடியில் தங்கும். அதைப் பார்த்துட்டு பதற்றம்னு எழுதிடுவோம். 1.5 லிட்டர்தான் இருக்கு, அறை குளிர்ச்சியில் ஒவ்வொரு மீனுக்கும் இடையில் இன்னும் இறங்கிக்கிட்டே போகும். கடைசி மீனுக்கும் முதல் மீனுக்கும் ஒரே வெப்பநிலை இருக்காது.

செய்ய வேண்டியது: சோதனை நீரை வளர்ப்பு அமைப்பிலிருந்தே எடுங்க, குழாய்நீர் வேண்டாம். பி.எச், உப்புக்கடத்துத்திறன் ரெண்டும் மீனுக்குப் பழகின அளவில் இருக்கும். 28 டிகிரி வாட்டர்பாத்தில் பெரிய பாத்திரத்தில் வைச்சுட்டு, ஒவ்வொரு மீனுக்கும் அப்போதான் தொட்டியில் ஊத்துங்க. தெர்மாமீட்டர் அளவை மீனோட எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்க, நாளுக்கு ஒரு தடவை போதாது.

ஒவ்வொரு மீனுக்கும் நீர் மாத்தியே ஆகணும். முந்தைய மீனுக்கு வலையில் தோல் உரசியிருந்தா எச்சரிக்கைப் பொருள் நீரில் கலந்திருக்கும், அடுத்த மீன் அதை முகர்ந்துட்டு அடியில் உறைஞ்சு நிற்கும். பாதி நீர் மட்டும் மாத்தறது சரிப்படாது. முழுசா கொட்டிட்டு ஒரு தடவை அலசி ஊத்துங்க, மட்டக்கோடு வரை சரியா.

மேலே வர்ற மீனைப் பார்த்ததும் சந்தோஷப்படவும் வேண்டாம். வாய் நீர்ப்பரப்பைத் தொட்டபடி, பரப்போரமாவே சுத்துதான்னு பாருங்க. அது ஆக்சிஜன் குறைவு, இல்லைன்னா செவுள் பாதிப்பு. இரவு முழுக்க காற்றோட்டம் இல்லாம வெச்ச மருந்து பீக்கரில் இது அடிக்கடி நடக்கும். 28 டிகிரியில் காற்றோடு சமநிலையில் இருக்கிற நீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் அளவில் இருக்கணும். நைட்ரைட் கூடினாலும் மீன் இதே மாதிரி மேலே திணறும், அதையும் சோதிச்சுடுங்க.

நீலவால்

நன்றி. அடித்தளமும் வெப்பநிலையும் மாற்றப்படும். கையாளும் வரிசையையும் சொல்ல முடியுமா? இப்போது ரேக்கிலிருந்து வலையில் பிடித்து நேராகச் சோதனைத் தொட்டியில் விடுவதுதான் நடக்கிறது.

செவுள்

அதில் இரண்டு சிக்கல். ரேக்கிலிருந்து சோதனை அறைக்கு வந்த அதிர்வு ஒன்று, வலையில் காற்றில் தூக்கிய அழுத்தம் மற்றொன்று. இரண்டாவதன் அளவு, மீன் வலைக்குத் தப்பி ஓடிய நேரத்தைப் பொறுத்தது. தொட்டியிலிருந்து கடைசியாகப் பிடிபடும் மீன் முதல் மீனைவிட நிறையத் துரத்தப்பட்டிருக்கும். மருந்துக் குழுவை முதலிலும் கன்ட்ரோலைப் பிறகும் பிடித்தால் அந்த வித்தியாசம் மருந்தின் கணக்கில் போய்ச் சேரும்.

வரிசை இப்படி இருக்கட்டும். மீன்களைத் தங்கள் தொட்டியோடு சோதனை அறைக்குக் கொண்டுவந்து குறைந்தது ஒரு மணி நேரம் விட்டுவைக்கவும். விளக்கு 14 மணி, இருட்டு 10 மணி என்ற சுழற்சியில், விளக்கு எரிந்து இரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்கவும். காலையில் முதல் வெளிச்சத்தில் முட்டையிடும் துரத்தல் நடக்கும், அந்த நேரம் வேண்டாம். தினமும் ஒரே நேரச் சாளரத்துக்குள் முடிக்கவும். தீனி கொடுத்த நேரமும் நாள்தோறும் ஒன்றாக இருக்கட்டும். பிடிக்கும்போது சின்னப் பீக்கரை நீருக்குள் சாய்த்து, மீனை வலையால் அதற்குள் வழிகாட்டி, நீரோடு தூக்கவும். காற்றில் தொங்கவிட வேண்டாம். பீக்கரின் வாயைச் சோதனைத் தொட்டியின் பரப்பைத் தொடவைத்து மெதுவாகச் சாய்த்து விடவும். வளர்ப்பு நீரும் சோதனை நீரும் ஒன்றே என்பதால் பீக்கரோடு வரும் நீர் பிரச்சினை இல்லை. கொடுக்கும் மருந்து அதில் கலந்திருந்தால் மட்டும் எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவு நீர் போகிறதா என்று பாருங்கள்.

மீன் நீரைத் தொட்ட நொடிதான் பூஜ்யம். ஆள் விலகிப் போன பிறகு பதிவைத் தொடங்கினால், சோதனையின் மிக முக்கியமான முதல் 10 நொடி தொலைந்துவிடும். கேமராவை முன்னாலேயே ஓடவிட்டு, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். தொட்டிக்கு மேலே ஆள் நிழல் விழக்கூடாது. மேலிருந்து வரும் நிழல் இந்த மீனுக்குப் பறவைதான்.

ஒரு மீனை ஒரு தடவைதான் பயன்படுத்த வேண்டும். இரண்டாம் தடவை அதற்கு அந்தத் தொட்டி புதிதல்ல, அது வேறு சோதனை.

விழித்திரை

டிராக்கிங் (காணொளியில் மீனின் இடத்தை மென்பொருளால் பின்தொடர்வது) பற்றி யாரும் சொல்லவில்லை. இந்தச் சோதனையில் மென்பொருள் செய்யும் பிழையில் பெரும்பங்கு நீர்ப்பரப்பில் நடக்கிறது. கேமரா நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், பரப்பின் அடிப்பக்கம் கண்ணாடிபோல் வேலைசெய்யும். மேலே வந்த மீனுக்கு நேர்மேலே தலைகீழாக இன்னொரு மீன் தெரியும். டிராக்கர் ஒரு சட்டகத்தில் (ஃபிரேமில்) அசல் மீனையும் அடுத்ததில் பிம்பத்தையும் பிடிக்கும். விளைவு: இல்லாத வேகம், இல்லாத ‘தாறுமாறான பாய்ச்சல்’. கேமரா மட்டத்துக்கு மேலே இருந்தால் முன்கண்ணாடி வழியாக ஒன்று, பரப்பு வழியாக ஒன்று. அதனால் லென்ஸின் மையத்தை நீர்மட்டத்தின் உயரத்திலேயே வைத்து, தொட்டியிலிருந்து 80 முதல் 100 செ.மீ. தள்ளி நிறுத்துங்கள். அளவிடும் எல்லையை நீர்வளைவுக்கு (கண்ணாடியோரம் நீர் வளைந்து ஏறும் இடம்) 2, 3 மி.மீ. கீழேயே வெட்டிவிடுங்கள். தொட்டிக்குப் பின்னால் மங்கல் படலம் ஒட்டி 850 நானோமீட்டர் அகச்சிவப்புப் பலகையை வைத்தால் மீன் கறுப்பு நிழலாகத் தெளிவாக விழும், பின்னணியில் யார் நடந்தாலும் பிரச்சினை இல்லை.

நொடிக்கு 30 சட்டகம் என்றால் 6 நிமிடத்துக்கு 10,800 சட்டகம் இருக்க வேண்டும். ஒவ்வொரு கோப்பிலும் எண்ணிப் பாருங்கள். சாதாரண வெப்கேம் வெளிச்சம் குறைந்தால் தானாகவே சட்டக வேகத்தைக் குறைத்துவிடும், 10,000க்கும் குறைவாகத்தான் கோப்பில் இருக்கும். அதை நொடிக்கு 30 என்றே கணக்கிட்டால் நேரக் கணக்கு முழுவதும் சுருங்கும், வேகம் தப்பாக வரும்.

உறைதலுக்கு: செவுளும் கண்ணும் தவிர வேறு எதுவும் அசையாமல் இருப்பதுதான் வரையறை. மென்பொருளில் மீனின் மையப்புள்ளி, மீன் நிற்கும்போதும் ஓரிரு பிக்சல் நடுங்கும். வேக எல்லையை மிகத் தாழ்வாக வைத்தால் உறைந்து நிற்கும் மீன் நகர்வதாகக் கணக்காகும், உயர்த்தினால் மெதுவாக மிதப்பதும் உறைதலாகிவிடும். எத்தனை நொடி தொடர்ந்தால் உறைதல் என்று எண்ணுவது என்பதையும், ஒரு நொடியா இரண்டா என்று, முதலிலேயே எழுதிவையுங்கள். பிறகு 10 காணொளிகளை இரண்டு பேர் தனித்தனியாகக் கையால் எண்ணி, இருவருக்குள் ஒத்திசைவு 0.85க்கு மேல் வந்த பின், மென்பொருளின் எல்லையை அதற்கு இசைய வைக்கவும். பார்ப்பவருக்கு எந்தக் குழு என்று தெரியக்கூடாது.

எண்கணக்கு

முதல் பதிவில் எல்லோரும் கடந்துபோன ஒரு வரி: ‘மருந்துக் குழு முழுவதும் ஒரு தொட்டியில், கன்ட்ரோல் குழு இன்னொரு தொட்டியில்’. வெப்பநிலையைவிட இது கனமான பிழை. மருந்து நீரில் கொடுக்கப்படுகிறது, ஆகவே மருந்து பெற்றது தொட்டி. 12 மீன் இருந்தாலும் அங்கே சோதனை அலகு ஒன்றுதான். அந்தத் தொட்டியில் ஒரு முரட்டு ஆண் மீன் மற்றவற்றைத் துரத்தினாலும், வடிகட்டி கொஞ்சம் மோசமாக இருந்தாலும், அதெல்லாம் ‘மருந்தின் விளைவு’ ஆகிவிடும்.

குழுவுக்கு 6 சின்னத் தொட்டி, ஒவ்வொன்றிலும் 4 மீன் என்று பிரித்து, தொட்டியைத் தற்செயல் காரணியாக வைத்துக் கலப்பு மாதிரியில் (ஒரே தொட்டி மீன்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதைக் கணக்கில் எடுக்கும் புள்ளியியல் முறை) பகுப்பாய்வு செய்யுங்கள். ரேக்கில் தொட்டிகள் எந்த இடத்தில் என்பதையும் சீட்டுக் குலுக்கியோ கணினியிலோ தீர்மானிக்கவும். மேல்தட்டு வெளிச்சமாகவும் கீழ்தட்டு இருட்டாகவும் இருக்கும்.

மேல்பாதிக்குப் போக எடுத்த நேரத்துக்கு டி-சோதனை (இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடுவது) போட வேண்டாம். போகவே போகாத மீனுக்கு 360 நொடி என்று எழுதுகிறோம், அது அளவு அல்ல, ‘360க்கும் மேல்’ என்ற தகவல் மட்டுமே. கேப்ளான்-மையர் வளைவு, காக்ஸ் மாதிரி போன்ற உயிர்வாழ் பகுப்பாய்வு அதற்காகவே இருக்கிறது. ஆண், பெண் எண்ணிக்கையையும் இனவழியையும் குறித்துவைக்கவும். லெப்பர்டு இனவழி மீன்கள் வழக்கமான வகையைவிடக் கூடுதலாகப் பதற்ற நடத்தை காட்டுகின்றன. வேறு வேறு இனவழிகளைக் கலந்து வாங்கினால் அதுவே சிதறலைக் கூட்டும்.

நீலவால்

தொட்டி அலகு என்பது விடுபட்டே போனது. 6 தொட்டி சாத்தியம்தான். இன்னும் மூன்று கேள்விகள். மருந்துக் கரைசல் தயாரிப்பு சரியா: 1 மில்லிகிராம் ஃப்ளூவாக்ஸெட்டின் ஹைட்ரோகுளோரைடு, 10 லிட்டர் நீருக்கு. சோதனை வேலை செய்கிறதா என்று காட்ட எந்தப் பொருளை ஒப்பீட்டுக்கு வைப்பது? இருட்டு-வெளிச்சச் சோதனையையும் (பாதி கறுப்பு, பாதி வெள்ளைத் தொட்டியில் மீன் எங்கே தங்குகிறது என்பது) சேர்த்தால் உறுதி கூடுமா?

செவுள்

கரைசல்: உப்பின் (ஹைட்ரோகுளோரைடு) எடையா, மூலத்தின் (உப்பாகாத மருந்து) எடையா என்று முடிவுசெய்யவும். ஹைட்ரோகுளோரைடின் மூலக்கூறு எடை 345.8, மூல ஃப்ளூவாக்ஸெட்டின் 309.3. லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் மூலம் வேண்டும் என்றால் 10 லிட்டருக்கு 1.12 மில்லிகிராம் உப்பு. எதை எடுத்தீர்கள் என்று எழுதினால் போதும், எழுதாமல் விடுவதுதான் தவறு. 1 மில்லிகிராமை நேராக நிறுக்காதீர்கள். 50 மில்லிகிராமை 50 மில்லிலிட்டரில் கரைத்து, அதிலிருந்து அளந்து விடவும். நீரை மாற்றும் நாள்களும் அளவும் கன்ட்ரோலுக்கும் அச்சு மாறாமல் இருக்க வேண்டும். வேறு மருந்துக்கு டி.எம்.எஸ்.ஓ. (நீரில் கரையாத மருந்தைக் கரைக்கும் திரவம்) தேவைப்பட்டால் 0.1 சதவீதத்துக்குள் நிறுத்தி, அதே அளவை கன்ட்ரோலிலும் விடவும்.

ஒப்பீடு: இரண்டு பக்கமும் வேண்டும். பதற்றம் கூட்ட, காஃபின் லிட்டருக்கு 100 மில்லிகிராம், 15 முதல் 20 நிமிடம் முன்னதாக. தணிக்க, பஸ்பிரோன் (பதற்றம் தணிக்கும் மருந்து) நம்பத்தக்கது. பென்சோடயசெபீன் (டயஸெபாம், குளோர்டயஸெபாக்சைடு போன்ற தணிப்பு மருந்து வகை) என்றால் எல்லாம் ஒன்றுபோல் வேலைசெய்யும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இதே சோதனையில் பஸ்பிரோனும் டயஸெபாமும் மீனை மேலே கொண்டுவந்தபோது குளோர்டயஸெபாக்சைடு விளைவு காட்டவில்லை என்று 2009இல் வெளியான ஆய்வு இருக்கிறது. எத்தனால் எளிதாகக் கிடைக்கும் என்று பலர் எடுக்கிறார்கள். 0.25, 0.5 சதவீதத்தில் சுறுசுறுப்புக் கூடும், 1 சதவீதத்தில் மயக்கம் வந்து குறையும். ஒரே அளவை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது.

இதையும் கவனியுங்கள். மேலே வருவது எல்லாம் நிம்மதி அல்ல. எல்.எஸ்.டி, கீட்டமைன் கொடுத்த மீன்களும் மேலேதான் தங்குகின்றன. செரட்டோனின் மிகுந்தாலும் பரப்போரம் தங்கும். எனவே மேல்பாதி நேரத்தோடு கடந்த தூரம், உறைந்த நேரம், தாறுமாறான பாய்ச்சல் நான்கையும் சேர்த்துப் படியுங்கள். மேல்நேரம் கூடி, உறைதல் குறைந்து, தூரம் மாறாமல் இருந்தால்தான் தணிப்பு என்று பேசலாம். தூரமும் சரிந்தால் அது மயக்கமாக இருக்கலாம். இந்தச் சோதனையின் மதிப்பே இந்த நான்கும் ஒன்றோடொன்று பேசுவதில்தான் இருக்கிறது.

இருட்டு-வெளிச்சச் சோதனை உறுதி கூட்டும், ஆனால் அதே கேள்வியின் நகலாக அல்ல. புதுத்தொட்டியில் மீன் நிமிடத்துக்கு நிமிடம் பழகும். பாதி கறுப்பு, பாதி வெள்ளைத் தொட்டியில் 15 நிமிடத்திலும் வெள்ளைத் தவிர்ப்பு பெரும்பாலும் அப்படியே நிற்கும். இரண்டும் ஒரே திசையில் போகாவிட்டால் பதற வேண்டாம், அந்த முரண்பாட்டையும் எழுதுங்கள். செய்யும்போது சுவர், அடி இரண்டையும் ஒரே நிறத்தில் மூடி, மேலிருந்து வெளிச்சம் இரு பாதியிலும் சமமாக விழட்டும். ஒரு பாதியை மூடியால் இருட்டாக்குவது வேறு சோதனை. அங்கே நிறமும் ஒளிச்செறிவும் கலந்துவிடும், முடிவுகள் தலைகீழாகவும் வந்திருக்கின்றன. மீனைத் தொட்டியின் நடுவே தடுத்த அறையில் 5 நிமிடம் வைத்து, இரு பக்கக் கதவையும் ஒரே நேரத்தில் தூக்கவும்.

குஞ்சுமீன்

இருட்டு-வெளிச்சத்தை லார்வாவுக்கு (சில நாள் வயதுக் குஞ்சுக்கு) அப்படியே பெயர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: லார்வாவில் விருப்பம் எதிர்ப்பக்கம். வளர்ந்த மீன் கருமையை நாடும், லார்வா இருட்டைத் தவிர்த்து வெளிச்சத்துக்குப் போகும். விளக்கைத் திடீரென அணைத்தால் லார்வாவின் அசைவு எகிறும். 5 அல்லது 6 நாள் லார்வாவை 24 குழித் தட்டில் குழிக்கு ஒன்றாக வைத்து, விளிம்போரம் எவ்வளவு நேரம் நீந்துகிறது என்று பார்ப்பது எளிது. 96 குழித் தட்டு வேண்டாம், நடுவும் ஓரமும் பிரிக்க இடமே இல்லை. நீச்சல் பை உப்பாத லார்வாவை முதலிலேயே ஒதுக்கிவிடவும். அது பக்கவாட்டில் கிடப்பதை மென்பொருள் உறைதல் என்றே எண்ணும்.

நீலவால்

கடைசியாக கார்ட்டிசோல் (அழுத்த ஹார்மோன்). நடத்தைச் சோதனை முடிந்ததும் அதே மீனில் அளந்தால் போதுமா?

தொட்டிநீர்

அளக்கலாம், ஆனா நேரக் கணக்கு கறாரா இருக்கணும். கார்ட்டிசோல் உடனே ஏறாது, அழுத்தம் தொடங்கி 10, 15 நிமிடத்தில்தான் உச்சத்துக்கு வரும். 6 நிமிடச் சோதனை முடிஞ்சதும் எடுத்தா ஏறிக்கிட்டிருக்கிற வழியில் பிடிக்கிறீங்க, ஒரு நிமிடம் முன்னப்பின்ன ஆனாலே எண் மாறும். பீக்கரில் எடுத்த நொடியிலிருந்து 15 நிமிடம்னு எல்லா மீனுக்கும் ஒரே அளவு வையுங்க. கையே படாத மீன்களையும் ஒரு குழுவா எடுங்க, அடிப்படை அளவு அதுதான்.

கொல்லும் முறைக்கு நெறிமுறைக் குழு அனுமதி முதலில் வாங்கணும். டிரைக்கேன் (மீனுக்கான மயக்க மருந்து) மெதுவா வேலைசெய்யும்போது அதுவே கார்ட்டிசோலை ஏத்தலாம், அதனால பனிநீரில் 2 முதல் 4 டிகிரியில் விரைவுக் குளிர்ச்சி பலருக்கு ஏத்ததா இருக்கு. மீன் பனிக்கட்டியை நேராத் தொடக்கூடாது, இடையில் வலைத்தடுப்பு வேணும். ஈரம் ஒத்தி எடை எடுத்து, திரவ நைட்ரஜனில் உறையவைச்சு மைனஸ் 80இல் வையுங்க. பிறகு குளிர்ந்த பாஸ்பேட் கரைசலில் அரைச்சு, டைஎத்தில் ஈதரில் மூணு தடவை பிரிச்செடுத்து, ஈதரை ஆவியாக்கி, மிச்சத்தைக் கரைசலில் கரைச்சு எலைசா (எதிர்ப்பொருளை வைச்சு ஹார்மோனை அளக்கிற சோதனை). ஈதர் வேலை முழுக்க ஃப்யூம் ஹூடுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றுற பெட்டி), பக்கத்தில் தீப்பொறி எதுவும் இருக்கக்கூடாது. எண்ணை ஒரு கிராம் உடலுக்கு எத்தனை நானோகிராம்னு எழுதுங்க. முட்டை நிறைஞ்ச பெண் மீனில் கொழுப்பு எலைசாவைக் குழப்பும், அதனால தெரிஞ்ச அளவு கார்ட்டிசோலைக் கலந்து எத்தனை சதவீதம் திரும்பி வருதுன்னு ஒவ்வொரு தொகுதியிலும் பாருங்க.

எண்கணக்கு

மருந்துத் தொட்டிகளை 14 நாள் ஓடவிடும் முன் ஒரு சின்ன ஓட்டம்: மருந்தில்லாத மீன் 8, காஃபின் மீன் 8, சாம்பல் அடித்தளம், 28 டிகிரி, வரிசை குலுக்கல். கன்ட்ரோலின் நிமிடவாரிக் கோடு கீழே தொடங்கி மேலே ஏறவில்லை என்றாலோ, காஃபின் அதைக் கீழே அழுத்தவில்லை என்றாலோ, ஃப்ளூவாக்ஸெட்டினைத் தொடங்க வேண்டாம். இந்த 16 மீன்களை முதன்மை ஆய்வின் எண்ணிக்கையில் சேர்க்கவும் வேண்டாம்.